ஈதர் ஏற்றிய கார்

மயக்க மருந்துத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மேஜையில் நோயாளியின் மூச்சு நின்றபோது பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் கைக்கு வேலை இருக்கும். கை முன்னால் ஓடும், பயம் பின்னால் மூச்சிரைக்க வரும். நான் அதிகம் பயந்த இடம் அறுவை அரங்கு அல்ல. தியாகராய நகருக்கும் மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவே இருந்த சாலைகள்தான். அங்கே ஒரு பழைய காருக்குள் உட்கார்ந்திருப்பேன். பயப்படுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

அறுபதுகளின் கடைசியில் நான் தொழிலுக்கு வந்தபோது சின்ன நர்சிங் ஹோம்களில் மயக்க மருந்துக்கென்று எதுவும் இருக்காது. ஒரு மேஜை, ஒரு விளக்கு, அறுவை செய்கிற டாக்டர், ஒரு நர்ஸ். மற்றதெல்லாம் என்னோடு வரவேண்டும். ஈதர் குப்பிகள், சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், குழாய்கள், ஊசிகள், எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியிலும் ஒரு தோல் பையிலும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற வியாபாரிபோல் போவேன். அதற்கு ஒரு கார் இல்லாமல் முடியாது. ஓய்வு பெற்ற ஒரு டாக்டரிடமிருந்து ஒரு சாம்பல் நிற சீமைக் காரை வாங்கினேன். வாங்கும்போதே அதற்கு என் வயதில் பாதி. கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த என் கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பெயின்ட் நல்லா இருக்கு" என்றார். அது ஒன்றுதான் நன்றாக இருந்தது.

அந்தக் கார் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் நிற்கும், மழையில் நிற்கும், இரண்டும் இல்லாத நல்ல நாளில் பாண்டி பஜார் நடுவில் நிற்கும். கொஞ்ச காலத்தில் சென்னையை நான் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். எந்தத் தெருவில் நின்றால் தள்ள ஆள் கிடைக்கும் என்பதுதான் என் வரைபடம். சினிமாக் கொட்டகை வாசலில் வரிசை நிற்கும் தெரு நல்ல தெரு. மரங்கள் மட்டும் இருக்கும் அழகான தெருவைக் கண்டால் வேறு வழி தேடுவேன்.

அந்தப் பயம் அரங்குக்குள்ளும் வந்தது. இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்துக்கொண்டே, இது முடிந்ததும் வண்டி கிளம்புமா, மயிலாப்பூரில் காத்திருப்பார்களே என்று மனம் வாசலுக்குப் போய்விடும். ஒருநாள் நோயாளியின் உதடு நிறம் மாறியதை என்னைவிட முன்னால் நர்ஸ் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல், கார் சாவியைப் பையின் அடியில் போட்டு மூடிவிட்டுத்தான் அரங்குக்குள் நுழைவேன்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவர் மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டிருந்த மாசிலாமணி. நல்ல மனுஷர். எத்தனை முறை போனாலும் முகம் சுளிக்க மாட்டார். ஒரு தடவை பெட்ரோல் பம்ப் என்பார், ஒரு தடவை டைனமோ என்பார், எதையாவது கழற்றி மாட்டிவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "போய் வாம்மா. இனிமே குதிர மாரி ஓடும்" என்பார். "என்னன்னு தெரியல" என்று அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் சொல்வதை நம்பினேன் என்பதைவிட, நம்ப வேண்டியிருந்தது என்பதுதான் சரி.

அடையாறு காந்தி நகரில் ஒரு நர்சிங் ஹோம். அதை நடத்தியவர் வயதில் மூத்த பிரசவ டாக்டர். மயிலாப்பூர்க்காரர், பேச்சு சுருக்கம். நான் தாமதமாகப் போன ஒரு நாளில் அவர் என்னைக் கோபிக்கவில்லை. "வர முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடு, நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன். வந்துண்டே இருக்கேன்னு மட்டும் சொல்லாதே. அதை நம்பிண்டு உக்காந்திருந்தா நோயாளி போயிடுவா" என்றார்.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

ஐப்பசி மாதம். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. தியாகராய நகரில் ஒரு குழந்தைக்கு டான்சில் எடுத்து முடித்திருந்தோம். குழந்தை விழித்து அம்மாவைக் கேட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டால்தான் எனக்கு உயிர் வரும். அப்போது போன் வந்தது. அடையாற்று டாக்டர்.

"உடனே கிளம்பு. ஊரூர் குப்பத்துப் பொண்ணு. குழந்தை குறுக்கே கிடக்கு, ஒரு கை வெளியில வந்துடுத்து. உயிர் இருக்கு. வயித்தைத் திறக்கணும். கர்ப்பப்பை கல்லா இறுகிக் கிடக்கு, அது தளர ஈதர் ஆழமா வேணும். வண்டி ஓடறதா?"

"நேத்துதான் ரிப்பேர் பண்ணி எடுத்தேன். ஓடுது."

அன்றைக்கு அந்தப் பதில் உண்மைதான். அவசரமாக மூட்டை கட்டினேன். ஒரு முழுக் குப்பி, டான்சிலுக்கு எடுத்ததில் மிச்சமாகிப்போன ஒரு பாதிக் குப்பி. காரின் டிக்கி பூட்டு முன்பே கெட்டுப்போய்த் திறக்க வராது. அதனால் மரப்பெட்டியை முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில், தரையில் வைத்தேன்.

உங்களில் பலர் ஈதரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் மாதிரி இருக்கும். திறந்து வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவியாகிவிடும். அந்த ஆவி மேலே போகாது. கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். போகிற வழியில் எங்கோ ஒரு பொறி இருந்தால் போதும், நெருப்பு அந்த வழியாகவே குப்பிக்குத் திரும்பி வரும். அறுவை அரங்கில் இதற்காக நாங்கள் ஸ்விட்ச் போடக்கூட யோசிப்போம்.

சேமியர்ஸ் ரோடு வழியாக வந்து அடையாறு பாலத்தில் ஏறினேன். அப்போது பழைய குறுகலான பாலம்தான். பக்கத்தில் புதிய பாலம் இன்னும் வரவில்லை. வலப்பக்கம் எதிரே வருகிற வண்டிகள் உரசுகிற மாதிரிப் போகும். இடப்பக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் ஆறும் கழிமுகமும். எனக்குப் பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

பாலத்தின் பாதியில் ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழேயிருந்து நூல்போல் புகை. அது போதாதென்று இன்னொரு வாசனையும் மூக்கில் ஏறியது. இனிப்பும் காரமுமாக, எனக்கு என் வீட்டு வாசனைபோல் பழகிப்போன வாசனை. பாதிக் குப்பியின் கார்க் குலுங்கிக் குலுங்கித் தளர்ந்திருக்கவேண்டும். ஈதர் பின்னால் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒயர் எரிந்துகொண்டிருந்தது. நடுவில் நான்.

பாலத்தைத் தாண்டினால் காந்தி நகர். கொஞ்ச தூரம்தான். ஓட்டிவிடலாம், ஓட்டிவிடலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. அங்கே ஒரு குழந்தை கையை வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆனால் ஓட்டிப் போனால் எங்கே போய் நிறுத்துவேன்? நர்சிங் ஹோம் வாசலில். அந்த வாசலில் எப்போதும் பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள். அதை நினைத்ததும் சாவியைத் திருப்பி அணைத்தேன். அணைத்த பிறகும் புகை நிற்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன்.

பின்னால் வந்த பஸ் மூக்கு முட்ட வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, பாலத்து மேல போட்டுக்கினு நிக்கிற? தள்ளணுமா?"

அவர் கேட்பதற்குள் பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் தள்ளுவதற்கு இறங்கிவிட்டார்கள். நம் ஊரில் நின்ற வண்டியைத் தள்ள யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. முன்னால் வந்தவர் வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது வந்த குரல் என் குரல் மாதிரியே இல்லை. "அங்கயே நில்லுங்க. யாரும் கிட்ட வராதீங்க. உள்ள பத்திக்கிற மருந்து இருக்கு. ஐயா, அந்தப் பீடிய ஆத்துல போடுங்க. கீழ போடாதீங்க, ஆத்துல."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், காரிலிருந்து வந்த புகையைப் பார்த்தார், பீடியைச் சுவருக்கு மேலே வீசினார். சிலர் பின்னால் ஓடினார்கள். இரண்டு பேர் வேடிக்கை பார்க்க முன்னால் வந்தார்கள். கண்டக்டரிடம், "பஸ்ஸப் பின்னால எடுக்கச் சொல்லுங்க. எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்" என்றேன். அவர் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விசில் ஊத ஊத பஸ் பின்னால் நகர்ந்தது. ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. ஒரு பெண் மடியில் இருந்த பிள்ளையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள். எதற்கு மூடுகிறாள், எதிலிருந்து அந்தத் துணி காப்பாற்றும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

இப்போது என்ன செய்வது? பெட்டியை எடுத்தால் அந்தப் பெண்ணுக்கு ஈதர் உண்டு. எடுக்கப் போகும்போது பற்றிக்கொண்டால் நான் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். எடுக்காமல் ஓடிப்போனால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. இதையெல்லாம் ஒரு பக்கம் நின்று தெளிவாக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். பாலத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்தில் காற்று அடித்தது.

கடல் காற்று. கிழக்கிலிருந்து மேற்காக, பாலத்துக்குக் குறுக்கே வீசிக்கொண்டிருந்தது. அதைத் தோலில் உணர்ந்தபோதுதான் மூளை வேலை செய்தது. காற்று வருகிற பக்கத்திலிருந்து போய்ப் பின்கதவைத் திறந்தேன். காரின் மூக்கை விட்டு விலகிச் சுற்றிப்போய் மறுபக்கத்துக் கதவையும் திறந்தேன். காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறியது. பஸ்ஸைப் பின்னால் அனுப்பிவிட்டுப் பாலத்தின் மறுமுனைக்கு ஓடிய கண்டக்டர், எதிரே வந்த வண்டிகளை அங்கேயே நிறுத்திவிட்டிருந்தார். நான் மறுபடி சுவரோரம் வந்து நின்று, அரங்கில் நோயாளியின் மார்பைப் பார்ப்பதுபோல் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடுகிறதா, குறைகிறதா. பாலத்தின் இரண்டு முனைகளிலும் ஹார்ன் சத்தம். காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று மற்றவர்களைக் காக்க வைத்துப் பழகிய எனக்கு அன்று தெரிந்தது.

புகை மெலிந்தது. பிறகு நின்றது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். அதன் பிறகுதான் போய்ப் பெட்டியை எடுத்தேன். பாதிக் குப்பியில் மீதி இருந்ததைக் குப்பியோடு ஆற்றில் எறிந்தேன். முழுக் குப்பி மூடி உடையாமல் அப்படியே இருந்தது.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். "பஸ்லயே ஏறும்மா. வுட்டுட்றேன், ரெண்டு நிமிசம்" என்றார். மனசு இளகிவிட்டது. ஆனால் பஸ் நிறைய ஜனம். அதில் எத்தனை பேர் மடியில் தீப்பெட்டி இருக்கும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தோல் பையைத் தோளில் மாட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் இறக்கத்துக்கு நடந்தேன். அங்கே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நின்றிருந்தது. என்ஜின் இல்லை, நெருப்பு இல்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

நடந்ததையெல்லாம் ரிக்‌ஷாக்காரர் அங்கிருந்தே பார்த்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பெட்டியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"இன்னாமே அது, குண்டா?"

"குண்டு இல்ல. மயக்க மருந்து. ஒரு பொண்ணுக்கு ஆபரேஷன், காந்தி நகருக்குப் போகணும்."

"பஸ்ஸயே பின்னால தள்ளிட்ட. எனக்கு மூணு பொண்ணு கீது."

ஒன்றும் ஆகாது, சீக்கிரம் போ என்று சொல்லத்தான் வாய் வந்தது. நோயாளிகளிடம் தினம் சொல்கிற வார்த்தை. ஆனால் சற்று முன்னால் நான் பட்ட பயம் அதைச் சொல்ல விடவில்லை.

"குப்பி உடையாம இருந்தா ஒண்ணும் ஆகாது. உடைஞ்சு, பக்கத்துல நெருப்பும் இருந்தா, பத்திக்கும். நீங்க பீடி பிடிக்கக்கூடாது. பள்ளத்துல இறக்கக்கூடாது. இது ரெண்டும் இல்லன்னா பயம் கம்மி. பயமே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். வரலன்னா பரவாயில்ல, நான் நடந்து போறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "நீ எங்க குந்துவ?"

"பின்னாலதான். பெட்டிய மடியில வெச்சுக்குவேன்."

"மடியிலயா?" என்றார். பிறகு மடியிலிருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துப் பக்கத்து வெற்றிலைக் கடைக்காரரிடம் கொடுத்தார். "வந்து வாங்கிக்கிறேன் நைனா" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "ஏறு" என்றார்.

அந்தத் தெருவில் எங்கே பள்ளம், எங்கே மழைத் தண்ணீர் என்று பார்த்துப் பார்த்து அவர் மிதித்த மிதியை நான் மறக்கவில்லை. தண்ணீர் தேங்கிய இடத்தில் இறங்கித் தள்ளினார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் முதுகுச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. என் கைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறுகிப்போயிருந்தன.

நர்சிங் ஹோமில் அந்தப் பெண்ணை மேஜையில் ஏற்றியிருந்தார்கள். கன்னியம்மா என்று பெயர். இருபது வயதுகூட ஆகியிருக்காது. முதல் பிரசவம். அவள் மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். டாக்டர் கையைக் கழுவி முடித்துத் தயாராக நின்றார். நான் பெட்டியைக் கீழே வைத்தேன். வைத்த பிறகுதான் கை ஆடத் தொடங்கியது. பாலத்தில் ஆடாத கை, இங்கே காய்ச்சல் கண்டதுபோல் ஆடியது. ஊசியை எடுத்தால் அதன் முனை காற்றில் கோலம் போட்டது.

டாக்டர் பார்த்துவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "குழந்தையோட துடிப்பு குறைஞ்சிண்டு வரது. உன்னால முடியுமா, முடியாதா? முடியாதுன்னா மரத்துப்போற ஊசி போட்டுண்டு நான் பாத்துக்கறேன், கஷ்டம்தான், ஆனா பாத்துப்பேன். ரெண்டுல எதுன்னு உண்மையைச் சொல்லு."

இரண்டு பதிலையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக ஒருவர் கேட்கும்போதுதான் நம்மால் உண்மை பேச முடிகிறது. உங்களுக்குக் கீழே நாளை ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்.

"மயக்கம் கொடுக்க முடியும். ஊசி குத்த முடியாது, கை நிக்கல. நரம்புல ஊசிய நீங்க ஏத்திக் கொடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் மறுபேச்சில்லாமல் கையுறையைக் கழற்றி ஊசியை ஏற்றினார். மறுபடி கை கழுவப் போனார். அந்த இடைவெளியில் கன்னியம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். வலியில் உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது.

"நா எழுந்துப்பனா?"

ஒன்றும் ஆகாது என்ற அந்தப் பழைய வார்த்தையை அவளிடமும் சொல்ல முடியவில்லை. "எழுப்பத்தான் நான் வந்திருக்கேன். நீ கண்ணத் திறக்கிற வரைக்கும் உன் தலைமாட்ட விட்டு நகர மாட்டேன்."

"நீயும் பயந்துகினுதான் கீற. கை ஆடுது."

"ஆமா. பயமாத்தான் இருக்கு. அதனாலதான் பக்கத்துல இருந்து பாத்துக்கப்போறேன்."

அவள் என்ன புரிந்துகொண்டாளோ, முந்தானையை விடவில்லை. மருந்து ஏறிய பிறகுதான் விரல்கள் தளர்ந்தன. அவள் தூங்கியதும் என் கை நின்றுவிட்டது. அவள் தொண்டைக்குள் மூச்சுவிடும் குழாயை நானே இறக்கினேன். அதன் பிறகு ஈதரும் அவள் மூச்சும் தவிர எனக்கு உலகத்தில் எதுவும் இல்லை.

பெண் குழந்தை. எடுத்தபோது அழவில்லை. வெளியே வந்திருந்த கை நாவல்பழ நிறத்தில் வீங்கிக் கிடந்தது. நர்ஸ் குழந்தையின் வாயை உறிஞ்சிச் சுத்தம் செய்து, முதுகைத் தேய்த்து, மறுபடி தேய்த்தார். டாக்டர் தைத்துக்கொண்டே இருந்தார், தலையைத் திருப்பவில்லை. கடைசியில் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாசலில் மாமியாரின் அழுகை அப்போதுதான் வாய்விட்டுக் கேட்டது. அந்தக் குழந்தையின் கை பல மாதம் அசையவில்லை. பிறகு மெல்ல அசைந்தது. சொன்னபடி, கன்னியம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்கும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மாசிலாமணிக்குச் சொல்லியனுப்பினேன். காரைப் பாலத்திலிருந்து தள்ளி, இறக்கத்தில் ஓரமாக விட்டிருந்தார்கள். அவர் குனிந்து ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு, கருகிய ஒயர்க் கொத்து ஒன்றை வெளியே இழுத்தார். தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

"இது இப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

கையில் ஒட்டிய பொடியைத் தட்டினார். "தெரியும்மா. ஒயரு பூரா பொடிஞ்சிப் போய்க்கீது. மொத்தமா மாத்தணும், அந்தச் சாமான் இப்ப கெடைக்கல. டேப்பு சுத்தி வெச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பயந்துடுவ. நீ பயந்துக்கினு ஓட்ட மாட்ட. நீ போவலன்னா அங்க ஆஸ்பத்திரில யாராச்சும் பூடுவாங்க. அதான், ஓடுற வரிக்கும் ஓடட்டும்னு."

ஆபத்தான நிலையில் வரும் நோயாளிகளின் வீட்டாரிடம் நான் எத்தனை முறை இதே காரணத்துக்காக வாயை மூடியிருக்கிறேன். அதே அன்பு, அதே தப்பு. அவரை எப்படித் திட்டுவது?

அவர் மரப்பெட்டியைக் காட்டி, "ஆமா, அந்தப் பொட்டில இன்னாதாம்மா கீது? அதுக்கா பாலத்த நிறுத்தினன்னு சொல்றாங்க?" என்றார்.

சொன்னேன். ஈதர் எப்படிப் பற்றும் என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. காரின் ஏறுபடியில் மெல்ல உட்கார்ந்தார்.

"நீ வண்டிய வுட்டுட்டு டீ குடிக்கப் போவ. பொட்டி உள்ளயே இருக்கும். நா அது மேல காலப் போட்டுக்கினு பீடி வலிப்பேம்மா" என்றார்.

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஏற்கெனவே கடந்து போய்விட்ட நாட்களை நினைத்துப் பயப்படுவது அன்றுதான் எனக்கு முதல் முறை. அவர் என்னிடம் ஒயரைச் சொல்லவில்லை. அவரிடம் ஈதரைச் சொல்லவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பேரும் நல்லதையே நினைத்திருக்கிறோம்.

அடுத்த நாள் முதல் நான் வேலைக்குப் போகும் எல்லா நர்சிங் ஹோமுக்கும் போய்ச் சொன்னேன்: ஈதரை இனி நீங்களே வாங்கி, வெயில் படாத அலமாரியில் பூட்டி வையுங்கள், என் வண்டியில் வராது. அடையாற்று டாக்டர் அன்றே அலமாரியைக் காலி செய்தார். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். மயிலாப்பூரில் ஒருவர் மட்டும், "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்று சிரித்தார். அவரிடம் போவதை நிறுத்திக்கொண்டேன். அவர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். நீங்களும் சில இடங்களை இப்படி விடவேண்டி வரும். விட்டுவிட்டு வந்த பிறகு, அங்கே என்ன நடக்கிறதோ என்ற பயம் மட்டும் கூடவே வரும்.

காரை விற்கலாம் என்று என் கணவர் விளம்பரம் கொடுத்தார். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு திருநெல்வேலிக்காரர் மனைவியோடு வந்தார். இளம் வயது. மனைவி நிறைமாதம், காரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து முகம் மலர்ந்துபோயிருந்தாள்.

"இவளுக்கு அடுத்த மாசம் பிரசவம். நேரங்கெட்ட நேரத்துல வலி வந்துச்சுன்னா வண்டி தேடி அலைய முடியாதுல்லா. அதான் ஒரு காரு வாங்கிப் போட்டுருவோம்னு" என்றார்.

என் கணவர் காபி கொண்டுவரப் போனார். நான் வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிற்பதை, புகைந்ததை, பொடிந்துபோன ஒயரை. பாலத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் பாத்துக்கிடலாம்மா. எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கான். நீங்க வெலையச் சொல்லுங்க."

"விலை இல்லைங்க. இதை உங்களுக்கு நான் தரமாட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. "ஏன், ஒங்களுக்கு ஓடுன வண்டி எங்களுக்கு ஓடாதாக்கும்? வேற ஆருக்கும் பேசி வச்சிருக்கியளா?"

இல்லை, பிரித்துப் போடப்போகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. டாக்ஸிக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், வலி தொடங்கியதுமே கிளம்புங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஆனால் கண் காரின் மேலேயே இருந்தது. கொண்டுவந்த காபியைக் குடிக்காமல் இருவரும் எழுந்து போனார்கள். என் கணவர் அன்று என்னிடம் பேசவில்லை. அந்த வாரமே மாசிலாமணி வந்து காரை இழுத்துக்கொண்டு போய்ப் பிரித்துப்போட்டார். கூலி கேட்கவில்லை.

அந்தத் தம்பதியை நான் பிறகு பார்க்கவில்லை. கார் வாங்காமல் விட்டிருக்க மாட்டார். அந்த மனுஷர் முகத்தில் தீர்மானம் தெரிந்தது. வேறு எங்கோ, பெயின்ட் நன்றாக இருக்கும் வேறு ஒரு பழைய கார். அதை விற்றவர் அவரிடம் என்னென்ன சொன்னார், எதையெல்லாம் சொல்லாமல் விட்டார் என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.